மூன்று கை மண்

கொன்றைவயல் வேளார் வீட்டு அழகிக்கு ஓட்டுக் கிடையாது. அவளுக்கு மட்டுமில்லை, அந்த ஊரில் யாருக்குமே கிடையாது. வெள்ளைக்காரன் நேராக ஆண்ட சீமையில் சொத்தும் படிப்பும் இருந்தவர்கள் ஓட்டுப் போட்டார்கள். புதுக்கோட்டை சமஸ்தானத்துச் சனங்களுக்கு ராசா இருந்தார். ராசா இருக்கும்போது தில்லிச் சபைக்கு ஓட்டு எதற்கு என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். இருந்தும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் தில்லியில் மந்திரிசபை கூடுமா கூடாதா என்று இந்த தேசத்திலேயே அதிகமாகக் கவலைப்பட்ட பெண்பிள்ளை அழகிதான். காரணம் தேசபக்தி இல்லை. குதிரை.

உயிர்க் குதிரை இல்லை, மண் குதிரை. வல்லத்திராக்கோட்டைக்குத் தெற்கே, கண்மாய்க் கரையில் இருக்கிற அய்யனாருக்குக் கொன்றைவயல்காரர்கள் வைகாசியில் புரவி எடுப்பார்கள். ஆள் உயரக் குதிரைகளைச் செய்து, சூளையில் வேகவைத்து, வர்ணம் பூசி, தோளில் தூக்கிக்கொண்டுபோய் நிறுத்துவார்கள். செய்வது வேளார், ஊர்க் குயவர். ஆனால் வேளார் தன் இஷ்டத்துக்கு ஒரு குதிரைக் காதுகூடச் செய்துவிட முடியாது. ஊரிலே மூன்று கரை, அதாவது மூன்று பங்காளிக் கூட்டம். மேலக்கரை, நடுக்கரை, கீழக்கரை. மூன்று கரைத் தலைவர்களும் கண்மாய்க்குள் இறங்கி, ஆளுக்கு ஒரு கை மண் அள்ளி வேளாரின் தாம்பாளத்தில் போட வேண்டும். அதற்குப் பெயர் பிடிமண். மூன்று கை மண் விழுந்தால்தான் ஊர் சம்மதித்தது என்று அர்த்தம். விழாவிட்டால் அய்யனார் நடந்துதான் போக வேண்டும்.

அய்யனார் மூன்று வருசமாக நடந்துகொண்டிருந்தார்.

கடைசியாகப் பிடிமண் எடுக்க இறங்கிய அன்று, வழக்கப்படி மேலக்கரைத் திருப்பதி அம்பலம் முதலில் குனிந்தார். அவருக்கு முன்னால் கீழக்கரை இருளாண்டியின் கை தண்ணீருக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு யார் யாரை இழுத்தார்கள், யார் தள்ளினார்கள் என்பதற்கு ஊரில் தலைக்கு ஒரு கதை உண்டு. எல்லாக் கதையிலும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றுதான்: அன்றைக்கு எடுத்த மண்ணில் தாம்பாளத்துக்கு வந்ததைவிட திருப்பதி அம்பலத்தின் வாய்க்குள் போனது அதிகம்.

சண்டை கரைகளுக்குள். அடி விழுந்தது அழகி வீட்டில். பிடிமண் வாங்குகிற காணி, அதாவது பரம்பரை உரிமை, இருப்பதால்தான் அவள் புருசன் அடைக்கலம் அய்யனாருக்குப் பூசாரி. அதனால்தான் சூளை இருந்த மானிய நிலம் அவர்கள் கையில் இருந்தது. "வார மாசிக்குள்ள ஊரு கூடல்லேன்னா நான் ஒத்தையா நார்த்தாமலை வேளாரக் கூட்டியாந்து மண்ணக் குடுப்பேன்" என்று திருப்பதி அம்பலம் சொல்லிவிட்டார். வேறு ஊர் வேளார் கொன்றைவயல் மண்ணை ஒரு தடவை வாங்கிவிட்டால் காணி அவருக்கு. அடைக்கலம் சக்கரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நார்த்தாமலை வேளார் வேறு யாருமில்லை, அழகியின் கூடப் பிறந்த அண்ணன் பழனிச்சாமி.

அழகியும் நார்த்தாமலை அடிவாரத்தில் பிறந்தவள்தான். நடக்கப் பழகியதே களிமண்ணுக்குள். புதுக்கோட்டைச் சந்தையில் பானை விற்கும்போது, வாங்க வருகிறவர்கள் பானையை ரொம்பத் தட்டிப் பார்த்தால், "மெதுவாத் தட்டுங்க, அது ஒங்க நாத்தனா மண்டை இல்ல" என்பாள். வந்தவர்கள் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். அடைக்கலம் அதற்கு நேர் எதிர். சக்கரத்தோடு பேசுகிற அளவுக்கு மனிதரோடு பேசமாட்டார். வருசம் முழுக்க, கரைத் தலைவர்களான அம்பலங்களுக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள். பிடிமண் அன்றைக்கு மட்டும், மூன்று கரைக்கும் முன்னால், முதல் பரிவட்டம் வேளார் தலைக்குத்தான். பட்டுத்துணி இரண்டு முழம் இருக்கும். அதைக் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குத் திரும்பும்போது வாசற்படியில் தலை இடித்துவிடும் என்று குனிந்து வருவார். வாசல் அவ்வளவு தாழ்வெல்லாம் இல்லை.

ஆவணியில் ஒரு நாள், அழகி பிச்சைமுத்துவின் காப்பிக் கடைக்குத் தண்ணீர்ப் பானை கொண்டுபோனாள். கரிப் புகை விட்டு ஓடுகிற ஆலங்குடிப் பஸ் பத்திரிகையை எறிந்துவிட்டுப் போயிருந்தது. பிச்சைமுத்து அதைப் பலமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, தில்லியில கூடிட்டாங்களா?"

"பாதி கூடிருச்சு. காங்கிரசு உள்ள போயிருச்சு. முஸ்லிம் லீக்கு வெளிய நிக்கிது."

"ஏன் நிக்கிதாம்?"

"யாருக்கு எத்தனை எடம், யாரு பெரியவங்கன்னு தகராறு."

"அப்ப நம்ம ஊருதான்" என்றாள் அழகி. "உள்ள போனவங்களாவது அடிச்சுக்காம இருக்காங்களா?"

"ஆளுக்கொரு இலாகா ஆத்தா. ஒருத்தருக்கு ரயிலு, ஒருத்தருக்குத் தபாலு, ஒருத்தருக்குப் பட்டாளம். அவுக அவுக வேலை அவுக அவுகளுக்கு. அடுத்தவன் இலாகாவுல கை வைக்கப்படாது."

"எல்லாருக்கும் மேல?"

"லாட்டு இருக்காருல்ல, வைசிராய்."

அழகி பானையை இறக்கி வைத்தாள். அவளை மாதிரிப் பிச்சைமுத்துவும் ஓட்டில்லாத ஆள்தான். ஆனால் பத்திரிகையைத் தொட்டுவிட்டால் தில்லியே தன் கடையில் கடன் சொல்லிக் காப்பி குடிக்கிற மாதிரிப் பேசுவார். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அங்கிட்டு நடக்கிறது இங்கிட்டு நடக்காதா என்று நேரே கண்மாய்க்குப் போனாள்.

திருப்பதி அம்பலம் இடுப்பளவு தண்ணீரில் நின்று மஞ்சுவிரட்டுக் காளையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அழகி, மாட்டுக்கு வெல பேச வந்தியா?"

"மாடு வேணாங்கய்யா. குதிரைக்கு வந்தேன்."

"அந்தப் பேச்சே வேணாம். ஒங்க அண்ணன் சரின்னுட்டான்."

"அவன் எதுக்குத்தான் சரின்னு சொல்லல? என்னைய இந்த ஊருக்குக் கட்டிக் குடுக்கையிலயும் அப்படித்தான் சரின்னான்."

அம்பலம் சிரிப்பை அடக்கிக்கொண்டு காளையின் முதுகில் தண்ணீரை வாரி இறைத்தார். அழகி விடவில்லை. தில்லிச் சங்கதியைச் சொன்னாள். சூளைக்கு வைக்கோலும் விறகும் மேலக்கரை இலாகா. மேளமும் பந்தலும் நடுக்கரை இலாகா. குதிரை தூக்குகிற ஆள்கட்டு கீழக்கரை இலாகா.

"எல்லாஞ் சரி. லாட்டுன்னு ஒருத்தன் வேணும்ல?" என்று கேட்ட அம்பலம் மீசையைத் தொட்டுக்கொண்டார்.

"அய்யனாருதாங்கய்யா லாட்டு."

கண்மாய்க்கு எதிர்க்கரையில் அய்யனார் கோயில் தெரிந்தது. அங்கே பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல அம்பலத்துக்குத் தைரியம் வரவில்லை.

நடுக்கரை ராக்கன் எளிது. கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் கட்சி அவர். அதனால் அழகி பேசி முடித்துவிட்டு, வேறு யாரும் வந்துவிடாதபடி அவர் வாசலிலேயே கொஞ்ச நேரம் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கீழக்கரை இருளாண்டி களத்தில் கடலைச் செடி உதறிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். இலாகா வரைக்கும் தலையாட்டினார். பிறகு செடியைக் கீழே போட்டார்.

"மொதக் கை யாரு?"

"வழக்கப்படி மேலக்கரைங்க."

"கண்மா ஒடஞ்ச வருசம் ஒனக்கு நெனப்பிருக்கா?"

அழகிக்கு இருந்தது. அடைமழையில் மடைக்குப் பக்கத்தில் கரை பிளந்தபோது மண் மூட்டையோடு முதலில் குதித்தவர் இருளாண்டியின் தம்பி. மூட்டை நின்றது. அவரைத் தேடி எடுக்க முடியவில்லை.

"எந்த எடத்துல மண்ணு அள்ளுறீங்களோ, அதுலதான் ஆத்தா அவன் கெடக்கான். யாரு மொதல்ல கை வைக்கணும்? நீயே சொல்லு."

சந்தையில் எவருக்கும் பதில் சொல்லத் தெரிந்த அழகி, அன்றைக்கு உதிர்ந்து கிடந்த கடலைகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டு, "வாரேங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

"கீழக்கரையான் கெடக்கான், விடு. ரெண்டு கை போதும், தை பொறந்ததும் மண்ண வாங்கிக்க" என்று திருப்பதி அம்பலம் சொல்லியனுப்பினார். அடைக்கலத்துக்கும் அதில் சம்மதம்தான்.

"ரெண்டு கை மண்ணத் தொடப்படாது" என்றாள் அழகி. "இன்னிக்கு ரெண்டுன்னு வாங்கினா நாளைக்கு எங்கண்ணன் ஒண்ணுன்னு வாங்குவான். மூணு விழட்டும்."

"விழலேன்னா?"

"விழுகிற வரைக்கும் நடப்பேன்."

நடந்தாள். புரட்டாசி முழுக்க இருளாண்டி வீட்டுக்கும் அம்பலம் வீட்டுக்கும் நடந்தாள். வீட்டு நாய்களெல்லாம் அவளைக் கண்டு குரைப்பதை நிறுத்திவிட்டன, மனிதர்கள்தான் நிறுத்தவில்லை. ஐப்பசி பிறந்து சில நாள் கழித்து, மழைக்கு ஒதுங்குகிற சாக்கில் காப்பிக் கடை வாசலில் நின்றாள்.

"அழகி, ஓம் மந்திரிசபை கூடிருச்சு!" என்றார் பிச்சைமுத்து. "லீக்கும் உள்ள வருது. கஜானாவே அவுக கைக்குப் போகுதாம்."

"எடமே இல்லேன்னு சொன்னீங்களே?"

"உள்ள இருந்தவுகள்ல மூணு பேரு எறங்கிட்டாங்க."

"என்ன தப்புப் பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல. வர்றவுகளுக்கு எடம் வேணும்ல? எறங்கிட்டாங்க."

அழகி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எறங்கினவங்க வீட்ல என்ன சொன்னாங்களாம்?"

"அதெல்லாம் பேப்பர்ல போடுவானா?"

போட்டிருந்தால் அவளுக்கு உபயோகமாக இருந்திருக்கும். ஏனென்றால் அந்த மழை விடுவதற்குள் அவள் கணக்கு முடிந்துவிட்டது. திருப்பதி அம்பலம் இறங்கமாட்டார். அவர் காளைகூட இறங்காது. ராக்கன் இறங்கினாலும் அடுத்து வருகிறவன் பேச்சைக் கேட்டு மறுபடி ஏறிவிடுவார். அவளால் காலி பண்ண முடிந்த இடம் ஊரிலேயே ஒன்றுதான். அது அடைக்கலத்தின் தலை.

மழை வெறித்ததும் நேரே கீழக்கரைக்குப் போனாள்.

"மொதக் கை கேக்காதீங்கய்யா. மொதப் பரிவட்டம் வாங்கிக்கங்க."

இருளாண்டி நிமிர்ந்தார். "அது வேளாருக்குள்ளதுல்ல?"

"இனிமே ஒங்களுக்கு. ஒங்க தம்பி பேருக்கு, ஊரு பாக்க, மொதத் துணி ஒங்க தலையில. அப்புறம் யாரு கை முன்ன போனா என்ன?"

இருளாண்டி, "அடைக்கலம் சம்மதிச்சானா?" என்று கேட்டார்.

"சம்மதிப்பாரு" என்றாள் அழகி.

அடைக்கலத்துக்கு விஷயமே தெரியாது. அவள் வந்து சொன்னபோது சக்கரத்தில் ஒரு குடம் பாதி எழும்பியிருந்தது. சக்கரம் தானாக நிற்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை. குடம் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டது.

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"யாரையும் கேக்கல."

"எங்கப்பன் தலையில கட்டினது. அவரு அப்பன் தலையில கட்டினது. வருசம் பூரா இடுப்புல துண்டக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். அந்த ஒரு நாளுதான் புள்ள..."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான் போனேன். துணி போனாலும் நீங்க இந்த ஊரு வேளாருதான். பிடிமண்ணு போனா நீங்க சட்டி விக்கிற ஆளு. எது வேணும்னு பாத்தேன்."

அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனார். அன்றிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. சோறு வைத்தாள், சாப்பிட்டார். மண் மிதித்துக் கொடுத்தாள், சக்கரத்தில் வைத்தார். பானைகள் பழையபடி வந்தன, சத்தம் மட்டும் இல்லை. ஒரு தடவை பிச்சைமுத்து, "தில்லியில உள்ள போயும் ஒருத்தரோட ஒருத்தர் மொகங்குடுத்துப் பேசுறதில்லையாம்" என்று வருத்தமாகச் சொன்னார். "பேசாட்டி என்னண்ணே, வேலை நடக்குதுல்ல?" என்று அழகி சிரித்துக்கொண்டே பானையைச் சுமந்துகொண்டு போனாள். சந்தைக்குப் போகிற வழியில், யாரும் இல்லாத இடத்தில், சும்மாட்டுத் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில்கூட அவ்வளவு இல்லை.

மார்கழியில் திருப்பதி அம்பலம் முறுக்கினார். பரிவட்டச் செய்தி காதில் விழுந்துவிட்டது.

"எனக்கு முன்னாடி கீழக்கரையானா?"

"ஒங்களுக்கு முன்னாடி என்னிக்கும் எங்க வீட்டுக்காரருதானே வாங்கினாரு? அப்பவும் நீங்க ரெண்டாவது. இப்பவும் ரெண்டாவது. மண்ணுக்குள்ள போற மொதக் கை ஒங்க கை. ஒங்க எடம் ஒரு வெரக்கடை நவுந்திருக்கா? சொல்லுங்கய்யா."

அம்பலம் தன் இடத்தை மனசுக்குள் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. "வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் நீ" என்று முனகிக்கொண்டு போய்விட்டார்.

மாசியில் நாள் குறித்தார்கள். பிடிமண் அன்றைக்கு அழகி விழிப்பதற்குள் அடைக்கலம் வீட்டில் இல்லை. பாயும் சுருட்டி வைத்திருந்தது. அவள் தாம்பாளத்தைப் புளி போட்டுத் துலக்கி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு கண்மாய்க்குப் போனாள். கோயிலுக்கு முன்னால் மூன்று கரையும் கூடியிருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் சலவை வேட்டி கட்டிக்கொண்டு அவள் அண்ணன் பழனிச்சாமி நின்றான்.

"நீ எங்கண்ணே வந்த?"

"சும்மா பாக்க வந்தேன் தாயி."

"நல்லாப் பாரு."

"வேளாரு எங்க?" என்று திருப்பதி அம்பலம் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ராக்கன் மேலே சூரியனைப் பார்த்தார், பிறகு பழனிச்சாமியைப் பார்த்தார். இருளாண்டி யாரையும் பார்க்கவில்லை; மடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

அழகி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் போய்த் தாம்பாளத்தை நீட்டினாள்.

"குடுங்க. நான் வாங்கிக்கிறேன்."

"பொம்பளையா?" என்று நாலைந்து குரல் ஒன்றாக எழும்பியது. மூன்று கரையும் ஒரே பேச்சுப் பேசியது மூன்று வருசத்தில் அதுதான் முதல் தடவை.

"மெட்ராசுல ஒரு அம்மா மந்திரியாவே இருக்காங்களாம். நான் மண்ணுதானே கேக்குறேன்? இந்த ஊரு மண்ணு எங் காலு மிதிச்ச மண்ணு. எங்கையில விழுந்தா அழிஞ்சா போகும்?"

அப்போது கோயிலுக்குள்ளிருந்து மணிச் சத்தம் கேட்டது. ஈர வேட்டியோடு, நெற்றி நிறையத் திருநீறோடு அடைக்கலம் வெளியே வந்தார். விடியும் முன்பே குளித்துவிட்டு, பூசாரி செய்ய வேண்டிய வேலையெல்லாம் உள்ளே செய்துகொண்டிருந்திருக்கிறார். பேச்சு இருந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். தட்டில் அந்தப் பட்டுத்துணி இருந்தது.

அவர் யாரையும் பார்க்காமல் நேரே இருளாண்டியிடம் போனார். துணியை உதறினார். ஒரு நொடி அது அவர் இரண்டு கைகளுக்கும் நடுவில் காற்றில் ஆடியது. அழகி தாம்பாளத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவர் எம்பி, இருளாண்டி தலையில் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார். போட்ட இறுக்கத்தில் இருளாண்டியின் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறிவிட்டன. அதை அவிழ்க்க அன்றைக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். ஆனால் அந்த நேரத்தில் இருளாண்டி அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. மடைப் பக்கம் திரும்பி, "பாத்தியாடா" என்று மெதுவாகச் சொன்னார்.

அடுத்த பரிவட்டம் திருப்பதி அம்பலத்துக்கு, அதற்கடுத்தது ராக்கனுக்கு. மூன்று பேரும் இறங்கினார்கள். மேலக்கரை கை முதலில் போனது, நடுக்கரை கை, பிறகு கீழக்கரை கை. அடைக்கலம் அழகி கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கி நீட்டினார். மண் மூன்று தடவை விழுந்தது. வாய்க்குள் யாருக்கும் போகவில்லை. பழனிச்சாமி, வந்த வழியே பஸ்ஸுக்கு நடந்தான். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி அழகி கூப்பிட்டாள், திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினான்.

மறுநாள் காலையில் சூளைக்குப் பக்கத்தில் களிமண்ணைக் குவித்து, பிடிமண்ணை அதன் நடுவில் கொட்டி, உமி தூவித் தண்ணீர் தெளித்தார்கள். அடைக்கலம் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். பழைய அழுக்குத் துண்டுதான். மண்ணுக்குள் இறங்கி நாலு மிதி மிதித்தவர், குனிந்து ஒரு பிடி எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"கீழக்கரையான் குடுத்தது பூரா மணலு" என்றார்.

ஐப்பசிக்குப் பிறகு அவர் வாயிலிருந்து அவளுக்கு வந்த முதல் வார்த்தை அது.

"மடைக்கிட்ட அள்ளினாரு. அங்க அப்படித்தான் இருக்கும்."

"காலு நிக்காது இதுல. குதிரை குப்புற விழுந்துரும்."

"நிக்கும்" என்றாள் அழகி. சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, எதிர்ப் பக்கத்திலிருந்து அவளும் மண்ணுக்குள் இறங்கினாள். "மிதிங்க."